பொறியைப் பெருக்குவதா? பிழையைக் காண்பதா?

பெயரில் மயங்கியவன் பொருளிலும் மயங்குவான். இற்றை நாளில் உலகெங்கும் வங்கிகளும், வணிக நிலையங்களும், மருத்துவமனைகளும், அரசுத் துறைகளும் தம் தரவுகளையெல்லாம் ‘முகில்’ எனப் பெயரிட்ட ஓரிடத்தில் ஏற்றி வைத்திருக்கின்றன. முகில் என்றவுடன் வானில் மிதப்பதாகவும், எவர்க்கும் உரியதன்றி எல்லார்க்கும் பொழிவதாகவும் ஒரு மயக்கம் தோன்றுகின்றது. உண்மை அஃதன்று. அம்முகில் மண்ணில் ஊன்றிய கொட்டில்; பிறன் கட்டிய கொட்டில்; மின்னாற்றலை விழுங்கி, வெப்பத்தைக் கக்கி, நொடிக்கு நொடி குடிக்கூலி கணக்கிடும் கொட்டில். அக்கொட்டில்களிற் பெருந்தொகையின அமெரிக்க நாட்டு வர்சீனியா மாநிலத்தின் வடபாலில் நிற்கின்றன.

பிறன் கொட்டிலில் நெல்லை இட்டு வைத்தல் குற்றமன்று. இட்ட நெல் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளது, எடுக்கும்போது எத்தனை ஆள் உழைக்கின்றனர், எந்த உழைப்பிற்குக் கூலி எழுதப்படுகின்றது என்பவற்றை அறியாதிருத்தலே குற்றம். அவ்வறியாமைக்கு அறிவுடைமை என்று பெயர் சூட்டிக்கொண்டு திரிவோர் இன்று பெருகிவிட்டனர். அவரை நோக்கியே இவ் வினா எழுப்பப்படுகின்றது: பிழை நேர்ந்தவிடத்துப் பொறியைப் பெருக்குவதா? பிழையைக் காண்பதா?

பெருக்குநர் கூற்று

தரவுப் பகுப்பாய்வுத் தளத்தில் ஒரு வினவல் காலையில் இரண்டு மணித்துளியில் முடிந்தது. திங்கள் இரண்டு கழிந்தபின் நாற்பது மணித்துளி எடுக்கின்றது என்று கொள்க. பெருக்குநர் என்ன செய்கின்றனர்? வினவலைப் படிப்பதில்லை, தரவின் அடுக்கைப் பார்ப்பதில்லை, தளமே வரைந்து காட்டும் செயற்பாட்டு வரைவைத் திறப்பதுமில்லை. “பொறியின் அளவை ஒருபடி உயர்த்துக” என்று கட்டளை பிறக்கின்றது. விரைவு கூடினால் ‘சிக்கல் தீர்ந்தது’ என்று எழுதி வைக்கின்றனர். கூடாவிடின் இன்னும் ஒருபடி!

இவர்க்கு ஒரு நயன்மையும் உண்டு. அதனை மறைத்தல் அறமன்று. “பொறியாளன் ஒருவன் இரண்டு நாள் அமர்ந்து பிழை தேடும் கூலியினும், பெரிய பொறிக்குத் தரும் கூடுதற் கூலி குறைவு” என்பர். ஒருமுறை மட்டும் ஓடும் வினவலுக்கு இக்கூற்று முற்றும் பொருந்தும். ஆயின் நாள்தோறும், மணிதோறும் ஓடும் வினவலுக்கு? பொறியாளன் உழைப்பு ஒருமுறைச் செலவு. பெரிய பொறியின் கூலி ஓயாச் செலவு. அன்றியும், பிழையைத் தேடியவனிடம் அறிவு எஞ்சும். பொறியைப் பெருக்கியவனிடம் கூலிச் சீட்டே எஞ்சும்.

களஞ்சியமும் களத்தாளரும்

இத்தளங்களின் கட்டமைப்பை அறியாமல் அவற்றின் நோயை அறிதல் இயலாது. 2003-இலும் 2004-இலும் கூகுள் நிறுவனத்தார் தம் பெருந்தரவுச் சேமிப்பையும், வேலையைப் பலர்க்குப் பகுத்தளித்துப் பின் தொகுக்கும் முறையையும் விளக்கி ஆய்வுரைகள் வெளியிட்டனர். அவ்வழியில் எழுந்த முதற் பொறித்தொகுதிகளில் நெல்லும் களத்தாளும் ஒரே கொட்டிலில் இருந்தனர். தரவு எங்கிருந்ததோ அங்கேயே கணிப்பும் நடந்தது. நெல் மிகுந்தால் ஆளையும் கூட்ட வேண்டும். ஆள் போதாதெனில் கொட்டிலையும் கூட்ட வேண்டும். 2006-இல் அமேசான் நிறுவனம் தன் பொருட் சேமிப்பகத்தைத் திறந்தது. அதன்பின் சேமிப்பு வேறு, கணிப்பு வேறு என்று பிரிக்கும் கருத்து வலுப்பெற்றது. 2010-இல் கூகுளின் ‘திரெமல்’ ஆய்வுரை வந்தது. 2012-இல் தொடங்கப்பெற்ற சுனோபிளேக்கு நிறுவனம் இப்பிரிவையே தன் அடிக்கல்லாக நாட்டியது. அமேசானின் இரெட்சிப்டு முதலில் இரண்டையும் ஒன்றாகவே வைத்திருந்து, 2019-இன் இறுதியில்தான் பிரிக்கும் வழி கண்டது.

இப்பிரிவினால் விளைந்த நன்மை பெரிது. களஞ்சியம் ஒன்றாயிருக்க, களத்தாளர் குழுக்கள் பலவாக வந்து வேலை செய்து போகலாம். வேலையில்லா நேரத்தில் அவர்களை அனுப்பிவிடலாம். ஆயின் இதனாலேயே ஒரு புதிய செலவும் பிறந்தது. களஞ்சியத்திற்கும் களத்திற்கும் இடையே நெடுவழி உண்டு. வேண்டா மூட்டைகளைச் சுமந்து வந்தால் வழிநடைக்கும் கூலி, பிரிப்பதற்கும் கூலி, தூக்கி எறிவதற்கும் கூலி. ஆகவே இக்கட்டமைப்பில் முதல் அறம், வேண்டாததைத் தொடாமையே.

அதற்கெனவே தரவு நெடுவரிசையாக அடுக்கப்படுகின்றது. நூறு நெடுவரிசையுள்ள அட்டவணையில் மூன்று மட்டும் வேண்டுமெனில், எஞ்சிய தொண்ணூற்றேழையும் தொடவேண்டுவதில்லை. மேலும், அட்டவணை நுண்பகுப்புகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் உள்ள சிறுமதிப்பும் பெருமதிப்பும் குறித்து வைக்கப்படுகின்றன. ‘மார்ச்சுத் திங்கள் விற்பனை’ என்று வினவினால், மார்ச்சு அடங்காத பகுப்புகளைத் திறவாமலே தளம் தள்ளிவிடும். மூட்டையின்மேல் எழுதிய சீட்டைப் பார்த்து வேண்டிய மூட்டையை மட்டும் எடுப்பது போன்றது இது. நாட்கணக்கில் அடுக்கியிருந்தால் சீட்டு உதவும். எல்லா மூட்டையிலும் எல்லாத் திங்களும் கலந்து கிடந்தால் சீட்டிருந்தும் பயனில்லை. இரண்டு மணித்துளி நாற்பதானதற்குப் பெரும்பாலும் இத்தகையதோர் ஏதுவே இருக்கும். பொறியைப் பெருக்கினால் கலந்து கிடக்கும் மூட்டை ஒழுங்காகிவிடுமா?

நோய் பல, மருந்து ஒன்றா?

முதல் நோய், எல்லாவற்றையும் படித்தல். “பத்து வரி மட்டும் காட்டு” என்று வினவலின் கடையில் எழுதிவிட்டுச் சிறிதளவே கேட்டதாக மகிழ்வோர் உளர். கூகுளின் பிக்குவெரியில் படித்த பைட்டுக்கே கூலி, காட்டிய வரிக்கன்று. கொத்தாக அடுக்கப்படாத அட்டவணையில் ‘பத்து வரி’ என்னும் வரம்பு படிக்கும் அளவைக் குறைப்பதில்லை. 2023 சூலையில் அமெரிக்க வட்டாரத்திற்கு வகுத்த விலைப்படி ஒரு டெராபைட்டுப் படிக்க 6.25 டாலர். பத்து டெராபைட்டு அட்டவணையின் எல்லா நெடுவரிசைகளையும் கேட்டுப் பத்து வரி பார்த்தவன் 62 டாலருக்கு மேல் தண்டம் அழுகின்றான். இலவயமாக முன்னோட்டம் காட்டும் வழி அத்தளத்திலேயே இருக்கவும் இவ்வாறு செய்வதை என்னென்பது?

இரண்டாம் நோய், சமனில்லாப் பங்கீடு. இரண்டு அட்டவணைகளை இணைக்கும்போது ஒரே அடையாள எண்ணுள்ள வரிகள் ஒரே கணிப்பொறிக்குச் செல்லும். வாடிக்கையாளர் எண் இல்லாதவர்க்கெல்லாம் சுழி என்று எவனோ எழுதி வைத்திருப்பான். பாதி வரிகள் அச்சுழியின்கீழ்ச் சேரும். பதினைந்து ஆள் கைகட்டி நிற்க ஒருவன் மட்டும் முதுகொடிய உழைப்பான். இங்கே கணக்கைப் பார்க்க. சுனோபிளேக்கில் பொறித் தொகுதியின் அளவு ஒருபடி ஏறுந்தோறும் மணிக்கூலி இரட்டிக்கும். 1, 2, 4, 8, 16 என்று ஏறும். சிறு தொகுதியில் ஒரு மணி நேரம் ஓடும் வேலை, பதினாறு கூற்றாக முற்றும் பகுபடுமாயின் பெருந்தொகுதியில் நான்கு மணித்துளிக்குள் முடியும். கூலி அதே ஒன்றுதான். ஆயின் அவ்வேலையில் பாதி பகுபடாததாயின், 30 மணித்துளியோடு ஏறத்தாழ இரண்டு மணித்துளி சேர்ந்து 32 மணித்துளி ஆகும். கூலியோ எட்டரை மடங்கு! நேரத்தில் பாதிகூடக் குறையவில்லை. செலவு எட்டரை மடங்கு உயர்ந்தது. இதனை மருந்தென்பதா, நோயென்பதா?

மூன்றாம் நோய், இணைப்பில் பெருகும் வரிகள். இருபுறமும் ஒரே எண் ஆயிரம் முறை வருமாயின், இணைப்பின்பின் 10,00,000 வரிகள் நிற்கும். இது மெதுவாக ஓடுவது மட்டுமன்று. தவறான விடையும் தருவது. விற்பனைத் தொகை ஆயிரம் மடங்காகத் தோன்றும். விரைவாகத் தவறுரைக்கும் பொறியை வாங்கி என்ன பயன்?

நான்காம் நோய், சிறுசிறு கோப்புகள். நூறு கருவிகள் மணித்துளிக்கு ஒரு கோப்பாக எழுதினால் ஒரு நாளில் 1,44,000 கோப்புகள் குவியும். ஒவ்வொன்றையும் தேடித் திறக்கும் நேரம் உள்ளே இருப்பதைப் படிக்கும் நேரத்தினும் மிகும். கைப்பிடி அரிசியை ஒவ்வொரு பையிலிட்டு இலக்கம் பைகளை வண்டியேற்றுவார் உண்டா? நூறு முதல் இருநூற்றைம்பது மெகாபைட்டு வரை சுருக்கிய கோப்புகளாகத் தொகுத்து ஏற்றுக என்று சுனோபிளேக்கின் கையேடே கூறுகின்றது. படிப்பார்தாம் இல்லை.

ஐந்தாம் நோய், உறங்காப் பொறி. வேலை முடிந்தபின் பத்து மணித்துளி விழித்திருந்து பின் உறங்குமாறு அமைத்த தொகுதியில், ஐந்து மணித்துளிக்கு ஒருமுறை ஐந்து நொடி ஓடும் வினவல் ஒன்றை வைத்துவிட்டால் அது என்றும் உறங்காது. ஒரு நாளில் செய்த வேலை 24 மணித்துளி. எழுதிய கூலி 24 மணி நேரம்! ஒரு மணித்துளியில் உறங்குமாறு மாற்றினால் கூலி ஏறத்தாழ ஐந்து மணி நேரத்திற்குக் குறையும். பொறியின் அளவைத் தொடவே வேண்டியதில்லை. ஓர் எண்ணை மாற்றினால் போதும்.

பெருக்குதல் தக்க மருந்தாகும் இடமும் உண்டு. கணிப்பின் இடைநிலைத் தரவு நினைவகத்தில் அடங்காது வட்டுக்கு வழிந்து, வட்டும் போதாது தொலைச் சேமிப்பகத்திற்கு வழியுமாயின் பெரிய தொகுதி வேண்டும். பலர் ஒரே நேரத்தில் வினவி வரிசையில் காத்திருப்பாராயின், பெரிய தொகுதியன்று, அதே அளவுள்ள இன்னொரு தொகுதி வேண்டும். ஒன்று ஆழக்குறை, மற்றொன்று அகலக்குறை. இவ்வேறுபாட்டையும் செயற்பாட்டு வரைவே காட்டும். எத்தனை பகுப்பில் எத்தனை படிக்கப்பட்டது, எவ்விடத்து வரிகள் பெருகின, எவ்வளவு வழிந்தது, எவ்வளவு நேரம் காத்திருந்தது என்னும் நான்கு எண்களும் அங்கே எழுதியுள்ளன. கண்ணிருந்தும் காணாதவனைக் குருடன் என்பதா, சோம்பேறி என்பதா?

தமிழெழுத்துப் படும் பாடு

ஆங்கிலத்தை மட்டும் எண்ணி வகுத்த அமைப்பில் தமிழ்ப் பெயர்களை இடும்போது தோன்றும் பிழைகள் தனியே கருதத்தக்கன. ஒருங்குறியின் வழக்கமான பைட்டு முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு கொள்ளும். ‘தமிழ்நாடு’ என்னும் சொல் எழுத்தெண்ணிக்கையில் ஐந்து, குறியெண்ணிக்கையில் ஒன்பது, பைட்டில் இருபத்தேழு. இரெட்சிப்டில் எழுத்துத் தொடரின் நீளம் பைட்டாலேயே அளக்கப்படும். இருபது என நீளம் வகுத்த நெடுவரிசையில் இருபது ஆங்கில எழுத்து அடங்கும்; ‘தமிழ்நாடு’ அடங்காது. தரவேற்றம் முறியும்போது “தமிழால் வந்த தொல்லை” என்று முகஞ்சுளிப்போர் உளர். தொல்லை தமிழால் வந்ததன்று; அளவுகோலை அறியாது நீளம் வகுத்தவனால் வந்தது.

இன்னொன்று. ‘பொன்னி’ என்னும் பெயரில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். எகரக் குறியும் காற்குறியுமாக இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பைட்டை ஒப்பிடும் பொறிக்கு இரண்டும் வேறு. ஓர் அட்டவணையில் ஒருவாறும் மற்றோர் அட்டவணையில் வேறுவாறும் இருப்பின், அவ்விணைப்பில் பொன்னி காணாமற் போவாள். மருத்துவமனைப் பதிவில் அவள் பெயர் விடுபட்டால் அவள் நோய்வரலாறே விடுபடும். ஏற்றுமுன் எல்லாப் பெயரையும் ஒரே வடிவிற்குக் கொணர்தல் இதற்கு மருந்து; பிக்குவெரியில் அதற்கெனவே செயற்கூறு உண்டு. அவ்வாறே, குறியெண் வரிசையில் னகரம் நகரத்தின் அடுத்து நிற்கின்றது. தமிழ் நெடுங்கணக்கிலோ அது கடையெழுத்து. தமிழ் அகரவரிசையென்று கூறிக் குறியெண் வரிசையை அச்சிட்டுத் தருவது பிழையே. பொறியை எத்தனை மடங்கு பெருக்கினும் இவற்றுள் ஒன்றும் தீராது.

ஒற்றைத் தூணில் நின்ற மாளிகை

வினவற் பிழையினும் பெரிது கட்டமைப்புப் பிழை. 2017 பிப்பிரவரி 28-ஆம் நாள் அமேசானின் வட வர்சீனிய வட்டாரத்தில் பொருட் சேமிப்பகம் முடங்கியது. கூலிக்கணக்கு அமைப்பின் மெதுவை ஆராய்ந்துகொண்டிருந்த பணியாளர் சில வழங்கிகளை நீக்கக் கட்டளையிட்டபோது எண் பிழைபட்டு மிகுதியான வழங்கிகள் நீங்கின. நான்கு மணி நேரத்திற்கும் மேலாக எண்ணற்ற வலைத்தளங்களும் செயலிகளும் தடுமாறின. ‘எல்லாம் நலமா’ என்று காட்டும் நிலைப்பலகையையே மாற்ற இயலவில்லை. அப்பலகையை இயக்குவதும் அச்சேமிப்பகத்தைச் சார்ந்திருந்தது! இதனை அந்நிறுவனமே வெளிப்பட எழுதி ஒப்பியது. அவ்வொப்புதல் போற்றத்தக்கது. ஆயின் ஒரே வட்டாரத்தில் எல்லாவற்றையும் வைத்துவிட்டு, ‘முகில் வீழாது’ என்றிருந்தவர்களுக்கு அது பாடமாயிற்றா?

2021 மார்ச்சு 10-ஆம் நாள் பிரான்சு நாட்டு இசுட்ராசுபர்க்கில் ஓவிஎச்சு நிறுவனத்தின் தரவுக் கட்டடம் ஒன்று தீக்கிரையாயிற்று. அதே வளாகத்தில் மாற்றுப்படியை வைத்திருந்தோர் மூலத்தையும் படியையும் ஒருங்கே இழந்தனர். முகில் எரியுமா என்று கேட்டவர்க்கு அத்தீயே விடை. மாற்றுப்படி என்பது வேறிடத்தில் இருப்பது. ஒருமுறையேனும் மீட்டுப் பார்த்தது. மீட்டுப் பாராத படி, படியன்று, நம்பிக்கை.

2024-இல் சுனோபிளேக்கைப் பயன்படுத்திய நிறுவனங்கள் பலவற்றின் தரவு களவு போயிற்று. தளத்தின் சுவரை எவரும் உடைக்கவில்லை. வேறிடங்களில் திருடப்பட்ட கடவுச்சொற்களைக் கொண்டு வாயில் வழியே கள்வர் நுழைந்தனர். இரண்டாம் சான்று கேட்கும் பூட்டு அக்கணக்குகளில் இடப்படவில்லை. கொட்டிலுக்குரியவன் சுவரைக் காப்பான்; சாவியைக் காப்பது நெல்லுக்குரியவன் கடமை. எனினும், அப்பூட்டைத் தொடக்கத்திலேயே கட்டாயமாக்காத தளத்தார்க்கும் அதில் பங்கில்லை என்று கூறவியலாது.

நுழைவாயில் அகலம், வெளிவாயில் குறுக்கம்

தரவை உள்ளே ஏற்றக் கூலியில்லை. வெளியே எடுக்கக் கூலி உண்டு. இதுவே முகில் வணிகத்தின் நெடுநாள் வழக்கம். ஏன் என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய தரவுச் சட்டம் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரு தளத்தினின்று மற்றொன்றிற்கு மாறுவதற்குக் கூலி வாங்குவதை 2027 சனவரி 12 முதல் அது முற்றும் தடுக்கின்றது. அச்சட்டம் வந்தபின்னரே, 2024-இன் தொடக்கத்தில் கூகுளும் அமேசானும் மைக்குரோசாப்டும் முற்றிலும் விட்டுச் செல்வார்க்கு வெளியேற்றக் கூலியை நீக்கின. சட்டம் உறுமியபின் பிறந்த ஈகை அது!

கூலி நீங்கினாலும் கட்டு நீங்கிவிடாது. ஒரு தளத்திற்கே உரிய மறைவடிவில் தரவை வைத்து, அத்தளத்திற்கே உரிய கட்டளைகளால் ஆயிரம் வினவல் எழுதியவன் எங்ஙனம் வெளியேறுவான்? திறந்த வடிவங்கள் இருக்கின்றன. 2013-இல் வெளிவந்த பார்க்கே நெடுவரிசைக் கோப்பு வடிவும், 2017-இல் நெட்பிளிக்சு நிறுவனத்தில் தொடங்கிய ஐசுபர்கு அட்டவணை வடிவும் எவர்க்கும் பொது. அவற்றில் வைத்த தரவைப் பல கணிப்புப் பொறிகளும் படிக்கும். நெல் தன் சாக்கில் இருந்தால் எந்த ஆலையிலும் அரைக்கலாம்.

சட்டக் கட்டு இன்னொன்று. 2018-இல் அமெரிக்க நாடு இயற்றிய முகிற் சட்டப்படி, அந்நாட்டு ஆளுகைக்குட்பட்ட நிறுவனம் தன் பிடியிலுள்ள தரவை, அது எந்நாட்டில் இருப்பினும், முறையான கட்டளைக்குப் பணிந்து தந்தாகல் வேண்டும். கட்டடம் உள்நாட்டில் இருப்பதொன்றே காப்பன்று. மறைத்திறவுகோல் எவன் கையில் என்பதே வினா.

செய்யத் தக்கது

“அங்ஙனமாயின் முகிலை விட்டொழித்து ஒவ்வொருவரும் தத்தம் கொட்டிலைக் கட்டிக்கொள்வதா?” என்று பெருக்குநர் எள்ளுவர். அன்று. குடிக்கூலிக்கு இருத்தல் அடிமைத்தனமன்று. இருக்கும் வீட்டின் கதவு எப்பக்கம் திறக்கும் என்று அறியாதிருத்தலே அடிமைத்தனம். ஆண்டுக்கு நான்கு நாள் மட்டும் பேராற்றல் வேண்டுவோர்க்கு முகில் பெருநன்மை. நாள் முழுதும் ஒரே அளவு வேலையுடையோர், சிறு தரவுடையோர், தம் மேசைப் பொறியிலேயே முடிப்பதை ஏன் பெருங்களத்திற்கு ஏற்றுகின்றோம் என்று தம்மைத் தாமே கேட்டல் வேண்டும்.

பொறியைப் பெருக்கக் கையொப்பமிடும் ஒவ்வொருவரும் அதற்குமுன் ஐந்து வினாக்களுக்கு விடை எழுதுக. எத்தனை பகுப்பில் எத்தனை படிக்கப்பட்டது? வேலை எல்லாக் கைகளுக்கும் சமமாகச் சென்றதா? இணைத்தபின் வரிகள் ஏன் பெருகின? மாற்றுப்படி எங்கே உள்ளது, என்று மீட்டுப் பார்க்கப்பட்டது? நாளை வெளியேற வேண்டின் தரவு எவ்வடிவில் கைக்கு வரும்? இவ்வைந்திற்கும் விடை கண்டபின்னும் பொறி போதாதெனில் தாராளமாகப் பெருக்குக. அப்போது அது அறிவின் முடிபு.

விடை காணாமல் பெருக்குவோன் தன் பொருளை மட்டும் இழப்பதில்லை. அரசுத் துறையாயின் மக்கள் வரிப்பொருளை இழக்கின்றான். மருத்துவமனையாயின் நோயாளியின் மருந்துக் காசை இழக்கின்றான். எல்லாவற்றினும் மேலாக, தன் கைப்பொருளின் இயல்பைத் தானே ஆராயும் ஆற்றலை இழக்கின்றான். கூலி வாங்குவோனுக்கு இவன் பிழை வருவாய். அதனைத் திருத்த அவன் விரைவானா? தன் களஞ்சியத்தின் கணக்கைத் தானே படிக்கக் கற்றவனை எந்த முகிலும் மறைக்காது. கல்லாதவனுக்கு வானம் முழுதும் முகிலே!